பால்காரி அஞ்சலையின் பூட்டிய முழங்கால்

1. மடங்கிய கால்

செராங்கூன் ரோட்டில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியிருந்த காலம். ஒரு காலை வேளையில் அஞ்சலையை ரிக்ஷாவில் வைத்து எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வலது முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, மேலும் மடக்கவும் முடியவில்லை. கூட வந்த கொழுந்தன் வீரப்பன் அந்தக் காலை ஒரு பானையைத் தாங்குவதுபோல இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தான். அதைக் கீழே வைக்கலாமா என்று என்னைக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் டிரெஸ்ஸர் உடுப்பில் இருந்தபடியால், வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன்.

புதிதாக டிரெஸ்ஸர் வேலைக்கு வருகிறவர்கள் புண்ணுக்கு மருந்து கட்டுவதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். கத்திகளைக் கொதிக்க வைப்பது, குளோரோஃபார்ம் கொடுப்பது, டாக்டரின் ஆங்கிலத்தைத் தமிழாக்குவது, நோயாளி திட்டுவதைப் பாதியாகக் குறைத்து ஆங்கிலமாக்குவது, எல்லாமே எங்கள் வேலைதான். கடைசி வேலைக்குத்தான் நிறையப் படிப்பு தேவைப்படுகிறது.

அஞ்சலை கைம்பெண். எருமை ரோட்டுக்குப் பின்னால் இருந்த தொழுவத்தில் அவளுக்கு மூன்று பசுக்கள். அந்தக் காலத்தில் செம்பில் கொண்டுவரும் பாலை யாரும் நம்ப மாட்டார்கள். வழியில் எத்தனை தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பசுவையே வீட்டு வாசலுக்கு ஓட்டிப்போய், வீட்டுக்காரர் பார்த்திருக்க, குந்தியிருந்து கறந்து கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் கறந்து எழுந்து, அடுத்த வீட்டில் மறுபடி குந்தி, இப்படியே அவளுக்குப் பொழுது விடியும்.

அன்று என்ன நடந்தது என்பதை அவளே சொன்னாள். செம்பை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குந்தியிருக்கிறாள். பசு திடீரென்று அவள் பக்கம் சாய்ந்திருக்கிறது. சேற்றில் பதிந்த பாதம் நகரவில்லை. உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ‘டக்’ என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. அதோடு கால் பூட்டிக்கொண்டது.

எங்கள் பெரிய டாக்டர் ஸ்காட்லாந்துக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். முழங்காலைக் காட்ட அஞ்சலை சம்மதிக்கவில்லை. தாதிகளின் தலைவியான மேட்ரன் இரண்டு வெள்ளைத் துணிகளை மேலும் கீழும் போர்த்தி, முழங்கால் மட்டும் தெரியும்படி செய்த பிறகுதான் இணங்கினாள். அப்போதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டர் மூட்டின் உள்பக்கத்தில், எலும்பும் எலும்பும் சேரும் இடுக்கில் விரலை வைத்து அழுத்தியதும், அவள் சுவரைப் பார்த்தபடியே அவருடைய தாயாரைப் பற்றி ஒன்று சொன்னாள். “அந்த இடத்தில்தான் வலி என்கிறார்” என்று நான் மொழிபெயர்த்தேன்.

தொடை எலும்புக்கும் கணுக்கால் வரை இறங்கும் எலும்புக்கும் நடுவில், மெத்தைபோல இரண்டு குருத்தெலும்புத் துண்டுகள் இருக்கின்றன. இரண்டும் பிறை வடிவம். உடம்பின் பாரத்தை அவைதான் வாங்கிக்கொள்கின்றன. காலை மடக்கிப் பாரத்தை அதன்மேல் போட்டு, பாதத்தை அசைக்காமல் உடம்பை மட்டும் திருப்பினால், அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் அகப்பட்டதுபோல அந்தப் பிறை அரைபட்டுக் கிழியும். உள்பக்கப் பிறை இறுகக் கட்டப்பட்டிருப்பதால் விலகிக்கொள்ள வழியில்லை. பெரும்பாலும் அதுதான் கிழிகிறது. கிழிந்த துண்டு மூட்டுக்குள் சிக்கினால், கதவுக் கீலில் குச்சி சிக்கின மாதிரி கால் பூட்டிக்கொள்ளும். பந்தாட்டக்காரர்களுக்கு வரும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். பால்காரர்களைப் பற்றிப் புத்தகத்தில் எதுவும் இல்லை.

குளோரோஃபார்ம் கொடுத்தோம். டாக்டர் காலை முழுக்க மடக்கி, கீழ்க்காலைத் திருகி, ஒரே இழுப்பில் நீட்டினார். ‘டக்’ என்று சத்தம் கேட்டது. கால் நேராகிவிட்டது. பலகை வைத்துக் கட்டி, வாரக்கணக்கில் படுக்க வைத்தோம். பிறகு கட்டை அவிழ்த்து நடக்கச் சொன்னோம். அஞ்சலை வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். டாக்டர் கைதட்டினார். மேட்ரன் கைதட்டினாள். குணமாகிவிட்டது என்று எழுதி அனுப்பிவைத்தோம்.

மறுநாளே திரும்பி வந்துவிட்டாள். அதே ரிக்ஷா, அதே மடங்கிய கால். தாங்கிப் பிடித்திருந்த வீரப்பனுக்கு மட்டும் இந்த முறை கொஞ்சம் பழக்கம் வந்திருந்தது.

2. டாக்டர் குந்திய கதை

“நேத்து நல்லா நடந்தீங்கள்தானே அம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நடக்கவா வந்தேன்? நடக்க எனக்குத் தெரியாதா? குந்த முடியலன்னுதானே வந்தேன். ஒருத்தராச்சும் என்னைக் குந்திக் காட்டச் சொன்னீங்களா?”

இதை நான் குறைக்காமல் அப்படியே மொழிபெயர்த்தேன். எங்கள் வார்டில் கட்டில் இருந்தது, நாற்காலி இருந்தது, மலம் கழிக்கக்கூட உயரமான இருக்கை இருந்தது. அங்கே ஒரு மனிதர் குந்த வேண்டிய அவசியமே இல்லை. அதனால் அவள் குந்தியதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து கறக்கட்டுமே என்றார் டாக்டர். அவருடைய ஊரில் பெண்கள் அப்படித்தான் கறக்கிறார்களாம். அஞ்சலை என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பேசியவர் அவர், பார்வை எனக்கு. ஸ்டூலில் உட்கார்ந்தால் செம்பு முழங்காலில் நிற்காது, பசு உதைத்தால் விலக முடியாது, வீட்டுக்கு வீடு ஸ்டூலைத் தூக்கிப்போக மூன்றாவது கை வேண்டும் என்று அடுக்கினாள்.

டாக்டருக்குப் பாதிதான் புரிந்தது. எப்படித்தான் உட்காருவாள் என்று காட்டச் சொன்னார். அவளால் காட்ட முடியாது. ஆகவே நான் காட்டினேன். கஞ்சி போட்ட கால்சட்டையோடு வார்டு நடுவே குந்தினேன். கிழிந்த சத்தம் முழங்காலிலிருந்து வரவில்லை. மேட்ரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. என் எதிரே அவரும் குந்தப் பார்த்தார். குதிகால் தரையில் பதியவில்லை. பின்பக்கமாக உருண்டார். மறுபடி எழுந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குந்தினார். அந்த நிலையிலேயே உடம்பை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார். திருப்பிய உடனே நிறுத்திவிட்டு, தன் முழங்காலின் உள்பக்கத்தைத் தடவினார். எழுந்திருக்க நாங்கள் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. எழுந்தவர், இனி இழுத்துக் கட்டிப் பயனில்லை, ஒவ்வொரு தடவை குந்தும்போதும் அந்தத் துண்டு சிக்கும், அதை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்.

3. கத்தி

அந்த நாளில் முழங்கால் மூட்டைத் திறப்பது என்றால் பெரிய டாக்டர்களே பயப்படுவார்கள். உள்ளே சீழ் பிடித்தால் மூட்டு விறைத்துப்போகும், இல்லையென்றால் காலையே எடுக்க வேண்டிவரும், அதற்கு மேலும் போகலாம். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்லும்படி டாக்டர் எனக்குக் கட்டளையிட்டார். சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்குத்தான் தண்ணீர் தேவைப்பட்டது.

வீரப்பன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அவன் கறக்க உட்கார்ந்தால் பசுக்கள் பாலை மேலே இழுத்துக்கொண்டன. வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாக வேறு பால்காரரிடம் போய்க்கொண்டிருந்தன. மாடுகளைக் கேட்டு ஒருவர் வந்துபோனதாகவும் சொன்னான்.

“வித்துடலாம் அண்ணி. கால் போனா வராது லா. நீங்க பாட்டுக்கு வீட்ல இருங்க, நான் பாத்துக்கறேன்.”

“வீட்ல இருந்து எதக் கறக்கறது? வாசப்படியவா?” என்றாள் அஞ்சலை. பிறகு என் பக்கம் திரும்பினாள். “டிரெஸ்ஸர் ஐயா, அறுக்காம விட்டா என்ன ஆகும்?”

மறுபடி இழுத்து நீட்டினால் நடக்கலாம், குந்த முடியாது என்றேன்.

“அப்ப அறுக்கச் சொல்லுங்க.”

அறுவைக்கு முந்திய நாள் பூராவும் நான் கொதிக்க வைத்துக்கொண்டே இருந்தேன். கத்தி, இடுக்கி, துணி, நூல், எல்லாம். என் பேனாக்கத்தியையும் கொதிக்க வைத்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. மூட்டுக்குள் விரல் படக்கூடாது, கருவிதான் போக வேண்டும் என்பது டாக்டரின் சட்டம். ஒரு தடவை இடுக்கியின் நுனி மேசை விளிம்பில் பட்டதுபோலத் தெரிந்தது. பட்டதா என்று யாரையும் கேட்காமல், அதை எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

மூட்டின் உள்பக்கம் சின்னதாகத் திறந்தார். உள்ளே பிறை நீளவாக்கில் கிழிந்திருந்தது. இரண்டு முனையும் ஒட்டியிருக்க, நடுப்பகுதி வாளியின் கைப்பிடிபோல விலகி மூட்டின் நடுவில் போய்க் கிடந்தது. அதை வெட்டி எடுத்து, தையல் போட்டார். நான் முகமூடியில் குளோரோஃபார்மைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு, அவள் மூச்சை மட்டும் கவனித்தேன். காலைப் பார்த்தால் நானும் அவள் பக்கத்தில் படுத்துவிடுவேன் என்பது டாக்டருக்குத் தெரியும்.

கண் விழித்ததும் துண்டைக் காட்டச் சொன்னாள். கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினேன்.

“இவ்வளவுதானா? தேங்காக் கீத்து மாதிரி இருக்கு. இதுக்கா இந்தப் பாடு?”

இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கியது. டாக்டர் கட்டைப் பிரித்து மூட்டைத் தொட்டுப் பார்த்தார். மேட்ரன் அவர் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். காலை எடுக்கும் ரம்பம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைத் துடைத்து வைப்பதும் என் வேலைதான். மூட்டு அப்படியொன்றும் சூடாக இல்லை என்றார் டாக்டர். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்து “மலேரியா” என்றார். ஒருவருக்கு மலேரியா என்று கேட்டு நான் மகிழ்ந்தது அந்த ஒருமுறைதான். ஓடிப்போய்க் கொயினா மருந்தை எடுத்துவந்தேன். அஞ்சலை அதைக் குடித்துவிட்டு, அறுத்ததைவிட இதுதான் கொடுமை என்றாள்.

4. தொடை

கிழிந்ததை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். கட்டைப் பிரித்தபோது அவளுடைய வலது தொடை இடது தொடையின் பாதிக்குச் சூம்பிப் போயிருந்தது. முழங்காலைப் பிடித்து நிறுத்துவது தொடைச் சதைதான். அது தளர்ந்தால் எத்தனை அறுத்தும் பயன் இல்லை. காலை நீட்டி வைத்துத் தொடையை இறுக்குவது, பிறகு நீட்டியபடியே காலைத் தூக்குவது, பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மெல்ல மடக்குவது என்று டாக்டர் வகுத்துக் கொடுத்தார்.

அஞ்சலை பக்கத்துக் கட்டில்காரியோடு சண்டை போட்டுக்கொண்டே காலைத் தூக்குவாள். சண்டை நீண்ட நாட்களில் தொடை நன்றாகத் தேறியது. பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தப் பழகினாள். முதலில் நாற்காலி உயரம். அப்புறம் மணை உயரம். வியர்த்து ஊற்றும். போதும், இன்றைக்கு விடுங்கோ என்பேன். “நீங்க போய் உங்க கால்சட்டையத் தைங்க” என்பாள்.

பழக்கத்தையும் மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். திரும்ப வேண்டுமானால் முதலில் குதிகாலைத் தூக்கிப் பாதத்தைத் திருப்ப வேண்டும், உடம்பு அதன் பின்னால் வர வேண்டும். நட்ட பாதத்தின்மேல் திரும்பவே கூடாது. இதை நான் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. நான் தூக்கத்தில் சொல்லி என் மனைவி கேட்டிருக்கிறாள்.

ஒரு நாள் அவள் கம்பியை விட்டுவிட்டு, எச்சில் படிக்கத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக் குந்தினாள். எழுந்தாள். டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். அஞ்சலை போக மறுத்தாள். ஆஸ்பத்திரியை விட்டுப் போக மறுத்த நோயாளியை அவர் பார்த்ததில்லை.

“படிக்கம் சாயுமா? படிக்கம் உதைக்குமா? மாட்டக் கொண்டாரச் சொல்லுங்க. அப்புறம் போறேன்.”

மேட்ரன் கூடாது என்றாள். டாக்டர், மாடு பின்கட்டு முற்றம் வரை வரலாம் என்றார். மறுநாள் காலை வீரப்பன் பசுவை ஓட்டிவந்தான், கன்றையும் சேர்த்து. நடக்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் வராந்தாவில் வந்து நின்றார்கள். நடக்க முடியாத சிலரும் வந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி மேட்ரன் பிறகு தனியாக விசாரித்தாள்.

கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினான் வீரப்பன். அஞ்சலை செம்பை இடுக்கிக்கொண்டு குந்தினாள். முதல் பீச்சல் செம்பில் விழுந்த சத்தம் வராந்தா வரை கேட்டது. செம்பு பாதி நிறைந்திருக்கும். எங்கள் சமையல்காரர் பின்கதவைத் திறந்தபோது ஒரு தகரம் உருண்டது. பசு மிரண்டு, முழு உடம்போடு அவள் பக்கம் சாய்ந்தது. வீரப்பன் கயிற்றை விட்டுவிட்டு “அண்ணி” என்றான். டாக்டர் ஒரு படி இறங்கினார். நான் கண்ணை மூடினேனா என்று கேட்காதீர்கள்.

அவள் குதிகாலைத் தூக்கினாள். பாதம் திரும்பியது. அதன் பின்னால் முழங்கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து திரும்ப, செம்போடு எழுந்து நின்றாள். ஒரு கையால் பசுவின் விலாவில் பட்டென்று ஒன்று வைத்தாள். அது பழைய இடத்துக்கு நகர்ந்தது. அவள் மறுபடி குந்தினாள்.

யாரும் கைதட்டவில்லை. முன்பு ஒருமுறை தட்டி ஏமாந்தவர்கள் நாங்கள்.

கறந்து முடித்ததும் நுரை ததும்பும் செம்பை டாக்டரிடம் நீட்டினாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள்.

“மாடு கேட்டு வந்தவன்கிட்டப் போய்ச் சொல்லு, நம்ம வீட்ல விக்கறதுக்குப் பால்தான் இருக்குன்னு. கயித்தப் பிடி.”

பிடித்தான். இரண்டு பேரும் பசுவோடும் கன்றோடும் ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாகவே போனார்கள். அவள் பெயருக்கு எதிரே குணம் என்று எழுதச் சொன்னார் டாக்டர். அந்தச் சொல்லை எழுதும்போது இந்த முறை எனக்குக் கூச்சமாக இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் ஒரு வழக்கம் வந்தது. முழங்கால் நோயாளி யாராக இருந்தாலும், வீட்டுக்கு அனுப்புமுன் அவருடைய வேலையை எங்கள் கண்முன் செய்து காட்ட வேண்டும். ரிக்ஷாக்காரர் வண்டியை இழுத்துத் திருப்ப வேண்டும். தையல்காரர் சம்மணம் போட்டு எழ வேண்டும். பள்ளிவாசலில் தொழுவிக்கும் பெரியவர் ஒருவர் முற்றத்தில் பாய் விரித்து, மண்டியிட்டு எழுந்து காட்டினார். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். அதோடு, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், அதை எப்படிச் செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். அவர் அந்த வேலையைச் செய்து முடிக்கும்வரை குணம் என்ற சொல்லை எழுதாதீர்கள். செய்து காட்ட வேண்டியவர் நீங்களாக இருந்தால், தளர்ந்த கால்சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.