ஒரே விசையில் இரண்டு வருஷம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் நடந்த கல்லூரியில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் படித்தேன். படித்தேன் என்று சொல்லவே இப்போது வாய் கசக்கிறது. அங்கே எங்களுக்குக் காட்டியது ஒரு நீலத் திரை. புரோகிராமை அதிலேயே எழுதுவோம். எஃப் ஒன்பது விசையை அமுக்கினால் அதுவே கம்பைல் செய்யும், அதாவது எழுதியதை மெஷினுக்குப் புரியும் பாஷைக்கு மாற்றும். தப்பு இருந்தால் அந்த வரியிலேயே போய் நிற்கும். கூட இன்னொரு விசையைச் சேர்த்து அமுக்கினால் ஓட்டியும் காட்டிவிடும். உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஒருத்தன் கேட்டான். "பரீட்சைல அதெல்லாம் வராதுலா" என்றார் விரிவுரையாளர். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனி என்னை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. பந்திங் பக்கம் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த அப்பா, லீவு போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கினார். எனக்கு வேலை கிடைத்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானுக்கே குடிவந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவருடைய வலது தோள் ஏற்கெனவே பாதிதான் தூக்கும்.

அதிகாரி ஒரு தமிழ்ப் பெண்மணி. ஒரு கணக்கைக் கொடுத்து, கறுப்புத் திரை முன்னால் உட்காரவைத்தார். அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். பெருமையாக எஃப் ஒன்பதை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். விசை கெட்டுப்போயிருக்கிறதோ என்று இன்னும் பலமாகக் குத்தினேன்.

"இது வெறும் எடிட்டர் தம்பி, எழுத மட்டும்தான். சேவ் பண்ணி வெளிய வந்து கம்பைல் பண்ணுங்க" என்றார் அவர்.

எடிட்டரை விட்டு வெளியே வந்தேன். வெறும் திரையில் ஒரு கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. அங்கே என்ன தட்டுவது? கம்பைலருக்குத் தனியாக ஒரு பெயர் உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. எழுதுவது ஒரு சாமான், கம்பைல் செய்வது இன்னொரு சாமான், நீலத் திரை இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. காது சுட்டது. அவர் என் புரோகிராமைத் திறந்து மெதுவாகப் படித்தார்.

"இதுல தப்பே இல்ல தம்பி. ஆனா எங்ககிட்ட இதைத் தவிர வேற சாமான் இல்லையே. இதுல ஓட்டத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கீழே அப்பா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்னாச்சுயா?"

"அவங்க கம்ப்யூட்டரு ரொம்பப் பழசுப்பா. நான் படிச்சது அதுல ஓடாது."

அதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். தோட்டத்துக் கடையில் என் காதுபடவே சொன்னார்: "பழசு வச்சிருக்கானுங்கலா. என் மவன் படிச்சது புதுசு."

நீலத் திரை நல்ல சாமான்தான். வேலை தெரிந்தவனுக்கு நேரம் மிச்சம். தெரியாதவனுக்கோ தெரிந்த மாதிரி ஒரு வேஷம். எனக்கு அன்று தெரியாமல் போனது ஒரே வரி: கம்பைலரின் பெயர், பக்கத்தில் ஃபைலின் பெயர். பிறகு அதைக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை.

கிள்ளான் வேலை போனது போனதுதான்; அந்தத் தோளோடு அப்பா இன்னும் ஆறு வருஷம் குலை வெட்டினார். கம்ப்யூட்டர் பழசு என்ற பொய்யை அவர் சாகும்வரை நம்பினார். நான் நம்பவிட்டேன்.