காட்டுமாடும் இரண்டு பருப்பு வடையும்

என் நாட்குறிப்பில் பக்கத்துக்கு மூன்று கட்டங்கள்: மணி, மாத்திரை, நடை. நடை என்ற கட்டத்தில் 'ஓடுகிறது' அல்லது 'நின்றது' என்று எழுத வேண்டும். மதுரை டாக்டர் கேட்டதால் தொடங்கினேன். அவர் கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

பார்க்கின்சன் எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் வந்தது. மூளையில் டோபமின் என்று ஒன்று சுரக்கிறது. நட என்று மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேர அது வேண்டும். எனக்கு அது சுரக்கும் இடம் சோர்ந்துவிட்டது. மாத்திரை அதைச் சில மணி நேரம் ஈடுகட்டும். ஈடுகட்டாத நேரத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், முகமும் இறுகிப்போகும். பார்ப்பவர்கள் எனக்குக் கோபம் என்று நினைப்பார்கள். காய்கறிக் கடைக்காரர் நான் வாயைத் திறக்கும் முன்பே நல்ல கேரட்டாகப் பொறுக்கிப் போடுவது இதனால்தான்.

மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பால் கடைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு. காலையில் பால் வாங்கி வருவதுதான் நான் தனியாகச் செய்யும் ஒரே வேலை. போன மாதம் அதற்கும் ஆபத்து வந்தது. பண்ணைக்காடு பேருந்தின் படியில் ஏறும்போது கால் நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் வாழைத்தாரோடு ஒருவர், அவருக்குப் பின்னால் பெருங்கூட்டம். உள்ளே இடம் பிடித்து உட்கார்ந்திருந்த என் மனைவி அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவ ரோட்டுல நின்னீங்கன்னா, பாலுக்கு நானும் கூட வருவேன்."

அன்பால்தான் சொன்னாள். ஆனால் அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசுவாள். டோபமின் இல்லாமல் நான் நிற்பதைவிட அதற்கு நேரம் அதிகம் ஆகும்.

விஷயம் நடந்த அன்று ஆறரைக்கு மாத்திரை போட்டேன். அதன்பின் அரை மணி நேரம் வெறும் வயிறு, ஏழு மணிக்குப் புறப்பாடு, அதுதான் விதி. பருப்பு, பால், முட்டை எல்லாம் மாத்திரையோடு ஒரே வாசலில் முண்டியடிக்குமாம், மாத்திரை வெளியே நின்றுவிடுமாம். இவ்வளவும் தெரிந்தும் ஆறு நாற்பதுக்கே கிளம்பி, மூலை டீக்கடையில் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பருப்பு வடை இரண்டைத் தின்றேன். குளிர் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஏழு பத்துக்குப் பால் பையோடு திரும்புகையில், அதே டீக்கடை வளைவில் எதிரே காட்டுமாடு வந்தது. எங்கள் தெருவுக்கு அது புதிதல்ல. வந்தால் சத்தம் போடாமல் பக்கத்தில் திறந்திருக்கும் கேட்டுக்குள் போய்விடுவோம். அன்றும் எல்லோரும் போனார்கள். என் கால் போகவில்லை.

"சார், வெரசா உள்ள வாங்க," என்று டீக்கடைக்காரர் அடிக்குரலில் கூப்பிட்டார். வரமாட்டேன் என்று எனக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை. நன்றாகவே பயந்திருந்தேன், பயம் முகம்வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கையை அசைத்தால் மாடு தவறாக நினைக்குமோ என்று கடிகாரம் பார்க்காமல் எண்ண ஆரம்பித்தேன். நூற்று நாற்பதில் அது பெருமூச்சு விட்டது. இருநூற்றுப் பத்தில் உடம்பைத் திருப்பி, என் செருப்புக்கு அரை அடி முன்னால் சாணி போட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது. அப்போது எண்ணிக்கை இருநூற்று இருபது.

கால் நின்றால் தரையில் ஒரு கோட்டையோ குச்சியையோ பார்த்துத் தாண்டுங்கள், தாண்டுவதற்கு மூளை வேறு வழி வைத்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் இருந்தது சாணிதான். அதைத் தாண்டினேன். பிறகு வீடுவரை கால் நிற்கவில்லை.

எனக்கு முன்பே செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அண்ணே மொறச்ச மொறப்புல மாடே திரும்பிப் போயிருச்சுக்கா."

"நெசமாவே நின்னீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"நின்னேன்," என்றேன். அது பொய்யில்லை. அன்று காலை தோசைக்கு இரண்டு சட்னி கிடைத்தது.

சிக்கல் நாட்குறிப்பில்தான். டாக்டருக்கு அனுப்புவதற்காக மனைவி அதைத் தினமும் மதியம் படம் எடுப்பாள். 'ஓடுகிறது' என்று எழுதினால் பால் வேலை எனக்கே. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், '7.10. நின்றது. 220 எண்ணும்வரை. சாணியைத் தாண்டி நடந்தேன். நின்ற காரணம்: பருப்பு வடை, 2' என்று எழுதினேன். '2' கொஞ்சம் சிறியதாக விழுந்தது. அதுவும் இந்த நோயின் குணம்தான்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"எனக்கு ஒண்ணு வாங்கியாரணும்னு தோணல?" என்றாள்.

அதற்குள் தொலைபேசி அடித்தது. எதிர்வீட்டுப் பெண்தான். அவர்கள் பீன்ஸ் பாத்தியில் மாடு மேய்கிறதாம், அண்ணன் கொஞ்சம் வந்து நின்றுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டாள். மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், நாட்குறிப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இப்ப வேணாம்மா, இப்பத்தான் மாத்திரை போட்டுருக்காரு, ஓடிருவாரு. மூணரைக்கு மேல அனுப்புறேன். அப்ப நல்லா நிப்பாரு."

அவள் போனை வைத்ததும், "பால்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மூலையில் கிடந்த குடையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீங்களே போங்க. நின்னுட்டா இதக் கீழ போட்டுத் தாண்டுங்க. தெனமும் மாடு வந்து போட்டுட்டுப் போகாது."