இணையத்தின் மேல் போட்ட பழி

ஐம்பத்தொரு வயதில் மறுபடி பியானோ முன் உட்கார்ந்த பெண்மணிக்கு, அதைக் கடைசியாகத் தொட்டபோது வயது பதினொன்று. சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு ஊருக்குப் போனார்கள். பியானோவும் அவர்களோடு லாரி ஏறியது. இடைப்பட்ட நாற்பது வருடத்தில் அந்த விரல்கள் செய்ததெல்லாம் பல். பொய்ப் பல்.

டாக்டர்கள் அனுப்பும் தாடை அச்சை வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, முழு பல்செட் செய்வது அவர் வேலை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. யாராவது சிரித்தால் அவர் கண் நேரே கடைவாய்க்குப் போய்விடும். வலது கையில் மெழுகுக் கத்தி. இடது கை அச்சை அசையாமல் தாங்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் வலது கையைப் பார்ப்பார்கள். வேலை தெரிந்தவர்கள் இடதைப் பார்ப்பார்கள்.

மின்பியானோ மகள் வாங்கிக் கொடுத்தது. வாத்தியார் வேறொரு நாட்டிலிருந்து கணினித் திரையில் வருகிற இளைஞர். அவருக்கு விடிகிற நேரம், பல்லக்கா வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம். படுக்கையறையில் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே பியானோவைத் திணித்து, கேமராவை ஒரு கம்பியில் கட்டி விசைகளுக்கு மேலே தொங்கவிட்டார் கணவர். வாத்தியாருக்கு முகம் தெரியாது. இரண்டு கைகள் மட்டும் தெரியும்.

சில மாதம் கழித்து, இடது கை கொஞ்சம் பின்னால் வருகிறது என்றார் வாத்தியார். நெட் சரியில்லை சார் என்றார் பல்லக்கா. வாத்தியாரும் ஒத்துக்கொண்டார். படம் உறைவதும் சத்தம் அறுபடுவதும் புதிதில்லையே. அதன்பின் எது பிசகினாலும் இருவரும் சேர்ந்து நெட்டைத் திட்டிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போனார்கள்.

அதே சமயம் ஆய்வகத்தில் ஒரு தாடை அச்சு கைநழுவி விழுந்து உடைந்தது. நோயாளியை மறுபடி வரவழைத்து அளவெடுக்க வேண்டியதாயிற்று. புதுக் கையுறை வழுக்குகிறது என்றார் பல்லக்கா. முதலாளி கையுறையை மாற்றினார். அடுத்த அச்சு விழுந்தபோது முதலாளி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. அன்றிலிருந்து அச்சை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்து வேலை செய்தார். யாராவது பக்கத்தில் வந்தால் கையில் எடுத்துக்கொண்டார். விரலில் ஏதோ கோளாறு என்று வாயைத் திறந்தால் வேலை போய்விடும். வேறு தொழிலும் தெரியாது.

கணவர் லிப்ட் மெக்கானிக். நெட், நெட் என்ற புலம்பல் கேட்டுக் காது புளித்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட்டு, ஹாலில் இருந்து படுக்கையறைக்குக் கேபிள் இழுத்தார்.

"இனிமே உன் வாத்தியார் கொட்டாவி விட்டாக்கூடக் கேக்கும். தப்பு வந்தா உன் தப்புதான், ஆமா" என்றார் கையைத் தட்டிக்கொண்டே.

அந்த வாரம் படம் ஒரு தடவைகூட உறையவில்லை. வாத்தியார் வீட்டு ஜன்னலில் குருவி கத்துவதுகூடக் கேட்டது. இரண்டு கையும் ஒன்றாக விழ வேண்டிய ஒரு சின்னப் பாட்டை பல்லக்கா வாசித்தார். வாத்தியார், பியானோவிலேயே இருக்கும் பதிவுப் பொத்தானை அழுத்தி, அதையே வாசித்துக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அதற்கும் நெட்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

கேட்டார். வலது கை விழுந்தது. ஒரு கணம் தள்ளி இடது. சுண்டுவிரல் விழ வேண்டிய சில இடங்களில் சத்தமே இல்லை.

"நெட் லேட்டானா ரெண்டு கையும் சேர்ந்துதான் மேடம் லேட்டாகும்" என்றார் வாத்தியார். "எனக்கு அப்பவே தோணுச்சு. சொல்லத்தான் தயங்கினேன்."

"எனக்கும் தெரியும் சார்."

சொல்லிவிட்ட பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே பட்டது.

இரண்டு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் வாத்தியார். இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை வற்றிக் குழிந்திருந்தது. இத்தனை மாதமாக உங்கள் கையை மட்டும்தான் பார்க்கிறேன், முதலில் இப்படி இல்லை, டாக்டரைப் பாருங்கள் என்றார்.

கதவருகில் நின்று கேட்ட கணவர், கணினியை மூடியதும் கட்டிலில் உட்கார்ந்தார்.

"லிப்ட்ல சின்னதா சத்தம் வந்தாலே பெட்டிய நிறுத்திடுவேன். வீட்ல மட்டும் நெட்டுன்னு நம்பிட்டேன் பாரு."

"சொன்னா வேலை போயிருமேங்க."

"கை போனா மட்டும் இருக்குமா?"

மறுநாள் காலை, விளக்குகளைப் போடுவதற்கு முன்பே பல்லக்கா முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்ததையும் சேர்த்து.

"பாத்துட்டுத்தான்க்கா இருந்தேன். நீங்களே வருவீங்கன்னு விட்டுட்டேன்" என்றார் அவர்.

முழு செட் வேலை அன்றே வேறொருவரிடம் போயிற்று. இவருக்குப் பல்லின் நிறம் பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் வேலை. டாக்டர் ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார் முதலாளி.

வரும் புதன்கிழமை பியானோ வகுப்பு இல்லை. அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் நரம்புப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.