எறியத் தெரியாதவனும் விடத் தெரியாதவனும்

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பட்டர்வொர்த் சரக்குக் கிடங்கில் நான் கணக்கெழுதும் கிராணி. எங்கள் ஜப்பானிய அதிகாரிக்கும் அவருடைய சார்ஜெண்டுக்கும் மதியந்தோறும் ஒரே சண்டை. பேஸ்பாலில் பந்தை எறிபவனும் அதைப் பிடிக்கும் கேச்சரும் ஜோடி. தங்கள் நாட்டில் இதுவரை ஆடியவர்களில் எந்த ஜோடி பெரியது? எறிபவன்தான் உயிர் என்பார் சார்ஜெண்ட். பிடிக்க ஆளில்லாவிட்டால் அவன் வெறும் கல்லெறிகிறவன் என்பார் அதிகாரி. கட்டாய வகுப்பில் கற்ற அரைகுறை ஜப்பானியத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இருவருக்கும் தலையாட்டினேன். கன்னத்தில் அறை விழாமலிருக்க எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டம் அது.

ஒரு காலை, சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்றும் லாரி வந்து நின்றது. மூட்டை தூக்குகிறவர்களை வரிசையாக நிறுத்தினார்கள். சார்ஜெண்ட் கைகாட்டியவர்கள் ஏறினார்கள். சுங்கை பினாங்கில் என் பக்கத்து வீட்டில் குடியிருந்தவன்மேல் அந்தக் கை நின்றது. போருக்கு முன் எங்கள் கிரிக்கெட் கூட்டத்தில் விக்கெட் கீப்பர் அவன். வீட்டில் கைக்குழந்தை.

துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாய்தான் என்னைக் கேட்காமல் ஓடிவிட்டது.

"கேச்சர்! அவன் என் கேச்சர்!"

அதிகாரி திரும்பினார். "அப்படியானால் எறிபவன் நீயா?"

மேசை இழுப்பறையில் எப்போதும் வைத்திருக்கும் பந்தை எடுத்துவரச் சொல்லி என் கையில் திணித்தார். நானோ கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுதியவன்.

எதிரே போய்க் குந்தினான் அவன். "கண்ண மூடிக்கிட்டாவது போடுங்க லா, அண்ணே. எங்க போனாலும் நான் பாத்துக்கிறேன்."

கண்ணை மூடியேதான் எறிந்தேன். முதல் பந்து தரையில் குத்தி எகிறியது. கீப்பருக்குப் பழகிய பந்து, வெறுங்கையில் வாங்கினான். அடுத்ததை லாரிச் சக்கரத்தருகே பாய்ந்து விழுந்து பிடித்தான். மூன்றாவது அதிகாரியின் தொப்பியை நோக்கிப் பறந்தது. தொப்பிக்கு ஒரு சாண் முன்னால் அவன் கை இருந்தது.

அதிகாரி எனக்கு ஓர் அறை விட்டார். பிறகு சார்ஜெண்டைப் பார்த்து, "இப்போது சொல், எவன் உயிர்?" என்றார். கேச்சர் கிடங்கிலேயே இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

லாரியில் ஓர் ஆள் குறைந்தது. சார்ஜெண்ட் அடுத்து நின்றவனைக் காட்டினார். அவன் ஏறினான். திரும்பி வரவில்லை.

இன்றும் டத்தோ கிராமாட் காப்பிக் கடையில் எந்த பௌலர், எந்தக் கீப்பர் என்று வாதம் நடக்கும்.

"நம்ம ஜோடிதான் அண்ணே பெரிசு. உங்களுக்கு எறியத் தெரியாது, எனக்கு விடத் தெரியாது," என்பான் என் கேச்சர். கடையே சிரிக்கும்.

சிரிப்பு அடங்கியதும் அவன் தன் உள்ளங்கையைப் பார்ப்பான். நான் காப்பியைப் பார்ப்பேன். அடுத்து நின்றவனுக்காக யாரும் கத்தவில்லை.