மரவீட்டில் தொங்கிய தூளி

அன்று பாகூரில் என் எண்ணெய்க் கடையில் இன்னும் முதல் போணிகூட ஆகவில்லை. வில்லியனூரிலிருந்து சரக்கு ஏற்றி வந்த வண்டிக்காரர் மாட்டை அவிழ்க்காமலே, "மரவூட்டம்மா செத்துட்டாங்கப்பா" என்றார். பால்காரம்மா கதவைத் தட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். வில்லியனூர் ரயிலடித் தெருவில் ஒன்றாயிருந்த நாம் இன்று புதுச்சேரியிலும் விழுப்புரத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறோம். உங்களில் யார் யாருக்குச் சேதி சொன்னார்களோ தெரியாது. அதனால்தான் நம் மரவீட்டு அஞ்சலையக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த வீட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மர வியாபாரம் செய்த அக்காவின் மாமனார், பர்மாத் தேக்கில் கட்டிய வீடு. சுவர், படி, மேல்தளம் எல்லாம் பலகை. கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன் வேலைக்காகச் சைகோன் போனவன், வீட்டை விற்றுவிட்டுச் சித்தியோடு போய் இரு என்று சொல்லியனுப்பினான். பிறகு அந்தப் பக்கம் யுத்தம் வந்தது. அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

விற்க அக்காவுக்கும் சம்மதம்தான். தெருவில் வீடெல்லாம் நெல் கிடங்காகிவிட்டது, எதிரில் மில், மூலையில் சாராயக்கடை. தனியாக யார் இருப்பார்கள்? ஆனால் வாங்குகிறவர் அதில் குடியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் அக்கா கேட்டது. வந்தவர்களோ வீட்டைப் பிரித்து மரத்தை விற்கிற ஆட்கள். அவர்களைக் கண்டுபிடிக்க அக்கா ஒரு வழி வைத்திருந்தார்.

"குடியிருக்க வர்றவன் கெணறு எங்கன்னு கேப்பான். பிரிக்க வர்றவன் உத்தரத்தப் பாப்பான்" என்பார். அண்ணாந்து பார்த்தால் போதும். ஒரு குவளை மோரைக் கொடுத்து, விற்கிற எண்ணம் இல்லை என்று அனுப்பிவிடுவார். எத்தனை பேர் அக்காவின் மோரைக் குடித்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள்!

ஒருநாள் நெல் மண்டியில் கணக்கெழுதும் பையன் ஒருவன் வந்தான். திருவாண்டார்கோயில் பக்கம். மரியாதையான பேச்சு. வந்ததிலிருந்து உத்தரத்தையே பார்த்தபடி கூடத்தில் சுற்றினான். அக்கா மோர் கொடுத்தார். வெளியே வந்தபோது அவன் முகம் வாடியிருந்ததை அடுத்த வீட்டுக்காரனான நானும் என் வாசலிலிருந்து பார்த்தேன். அடேயப்பா, மரத்தின் மேல் இவ்வளவு ஆசையா என்றுதான் நினைத்தேன்.

சில மாதம் கழித்துச் சந்தையில் அவன் மனைவி கைக்குழந்தையோடு அக்காவிடம் வந்து பேசியிருக்கிறாள். உறுவையாறில் வீடு வாங்கிவிட்டார்களாம். உங்கள் வீடுதான் அவருக்குப் பிடித்திருந்தது, தூளி கட்ட வளையம் இருக்கிறதா என்றுதான் அன்றைக்கு மேலேயே பார்த்தாராம் என்றாளாம். அக்கா நேரே, அப்போது ரயிலடியில் இருந்த என் கடைக்கு வந்து எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார்.

"மரத்தப் பாக்கறான்னு நெனச்சேன்டா. அவன் புள்ளைய நெனச்சிப் பாத்திருக்கான். எம்மவன் தூங்கின வளையம் அங்கதான இருக்கு. நானே காமிச்சிருக்கலாமே."

மறுநாள் அந்த வளையத்தில் தன் பழைய சேலையால் ஒரு தூளி கட்டினார். இனி யார் அண்ணாந்து பார்த்தாலும் அது கண்ணில் படட்டும், குழந்தைக்காரனாயிருந்தால் வாய்விட்டுக் கேட்கட்டும் என்று. வெறுந்தூளி தொங்கக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் சத்தம் போட்டோம். அதற்கென்ன என்று அம்மிக் குழவியைத் துணியில் சுற்றித் தூளிக்குள் கிடத்திவிட்டார். துவையல் அரைக்க எடுப்பார், கழுவித் துடைத்து மறுபடியும் கிடத்துவார். எங்களுக்குச் சிரிப்பாயிருந்தது. அக்காவும் எங்களோடு சிரித்தார்.

பிறகு வந்த ஒரு மரத்தரகர் தூளியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "புள்ள தூங்குதா?" என்றார். எழுந்ததும் வருகிறேன் என்று அடிமேல் அடி வைத்து வெளியே போனார். "இது இப்ப எழுந்துக்காதுய்யா" என்றார் அக்கா. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம். ஆனால் குழந்தைக்காரர் ஒருவரும் வரவில்லை.

கடைசியில் நானும் என் வீட்டை மில்காரருக்கு விற்றுவிட்டுப் பாகூர் வந்தேன். மூட்டை ஏற்றும்போது அக்கா வாசலில் நின்று, "நீயும் போறியா? சரி, போ" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். அதன்பிறகு இருட்டினால் அந்தத் தெருவில் அக்கா வீட்டில் மட்டும்தான் விளக்கு என்று வண்டிக்காரர் சொல்வார்.

காரியத்துக்குப் போனேன். பங்காளிகள் கடலூர் மரக்கடைக்காரர் ஒருவருக்கு விலை பேசி முடித்திருந்தார்கள். மேல்பலகைகளைக் கழற்றத் தொடங்கியாயிற்று. கூடத்தில் வெயில் அடித்தது. தூளியை அவிழ்த்து மூலையில் போட்டிருந்தார்கள், குழவி உள்ளேயே இருந்தது. அம்மியை அதற்குள் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். குழவியை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். அம்மியில்லாமல் அது எதற்கு என்றார்கள்.

எதற்கென்று எனக்கும் தெரியவில்லை. மனைவி போனபின் என் வீட்டில் அரைக்க ஆளில்லை, தூளி கட்டவும் யாருமில்லை. அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். திரும்பி வரும்போது சேலைத் துணியோடு மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி பள்ளத்தில் இறங்கியபோதெல்லாம் கை தானாக அதை அணைத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் மெல்ல, "புள்ள தூங்குதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.