சூளைக்குப் போகாத வயல்

விருத்தாசலத்துல பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டுறதுதான் என் பொழப்பு. என் நாத்தனா கருவேப்பிலங்குறிச்சியில புது வூடு கட்டுனா. கூடத்துச் சுவத்துல மாட்ட அவ புருஷன் ஏதோ கடையில ஒரு அருவிப் படத்தப் பாத்து வச்சிருந்தாரு. "அது எதுக்குங்கண்ணே, நம்ம வயல நான் வரைஞ்சி தரேன்"னு வாய வுட்டேன். "பொம்மைக்குக் கண்ணு எழுதுற கையி வயலு எழுதுமா தங்கச்சி?"ன்னு சிரிச்சாரு. சுருக்குன்னு இருந்துது எனக்கு. சரியா வரலன்னா அருவிதான்னு முடிவாச்சி.

போன்ல வீடியோ பாத்து, சட்டத்துல இழுத்துக் கட்டுன துணியில ஆரம்பிச்சேன். முன்னால இருக்கிற நாத்துக்கு வெளுத்த பச்சைய இழுத்தேன். பட்டறையில அதுதானே பழக்கம்? பூசும்போது சுண்ணாம்பாட்டம் இருக்கும், சூளையில வெந்து வந்தா நிறம் தூக்கும். கறுப்பு மட்டும் வெந்தாலும் வேகாட்டாலும் கறுப்புதான். அதனால தூரத்துப் பனமரத்துக்குக் கறுப்பையே வச்சேன். தள்ளி நின்னு பாத்தா, அடக் கொடுமையே! நாத்து எங்கயோ தூரமா போயிடுச்சி, பனமரம் மூஞ்சிக்கு நேரா நிக்குது. இந்தத் துணிய எந்தச் சூளையில வைக்கிறது? "அடுப்புல வச்சிப் பாரேன்"னாரு என் வூட்டுக்காரரு. "கம்முனு கெடங்க"ன்னு கத்திட்டேன்.

கோவம் அடங்குனப்பறந்தான் ஒறைச்சிது. வெளுத்தது தூரம் போவுதுன்னா, தூரத்த வெளுக்க வுட வேண்டியதுதானே! பனமரத்து மேல வெள்ளையும் நீலமும் கலந்து பூசுனேன். முன்னால இருந்த நாத்துல அடர்பச்சைய ஏத்துனேன். பீங்கான் மண்ணுத் தூள பசையில கொழச்சி வரப்புல அப்பி, பல்லு ஒடைஞ்ச சீப்பால கீறுனேன். தடவுனா சொரசொரன்னு நெஜ வரப்பு! சந்தோஷத்துல தலகால் புரியல.

பால் காய்ச்சுற அன்னிக்குப் படத்தக் கூடத்துல சாத்தி வச்சேன். நாத்தனா வூட்டுக்கார அண்ணன் வந்தாரு. கிட்ட போயி குனிஞ்சி, வரப்புல நான் தண்ணிக்கு வுட்டிருந்த மடைய வெரலால தொட்டாரு. பொண்டாட்டியக் கூப்ட்டாரு.

"இந்தா பாரு, மடைய இவ்ளோ அகலமா வெட்டுனா தண்ணி பூரா கீழ்வயலுக்கில்ல ஓடிடும்?"

"அய்யய்ய, அது படங்க!"

"இருக்கட்டும். அடைக்கணும்ல?"

நான் சிரிச்சே புட்டேன். கண்ணுல தண்ணி வேற. "அப்ப அந்த அருவி?"ன்னா நாத்தனா.

"அதுல என்னா வெள்ளாமையா வைக்கப் போறோம்? ஆணிய எடு"ன்னாரு.

ஆணிய நான்தான் அடிச்சேன்.