அப்பிள்டன் வீட்டு ஜன்னல்

மரியகொறற்றி நோர்வேயின் ஸ்டோவ்னரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். இங்கிலாந்து அரச குடும்பத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வீடுதான். அதுவும் பன்னிரண்டாம் அறை நோராவின் புண்ணியம்.

இங்கிலாந்தில் ஓர் இளவரசர் தன் மகளுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்த நாட்டுப்புற மாளிகை, அப்பிள்டன். மகள் பிறகு நோர்வேக்கு ராணியானார். அந்த வீட்டில் பிறந்த பிள்ளை இங்கே ராஜாவானார். ராணி ஊருக்குப் போகும்போதெல்லாம் நோராவின் தாயும் பணிப்பெண்ணாகப் பெட்டிகளோடு போவார். அங்கே தான் தங்கிய மாடியறையின் ஜன்னலைப் பற்றி மகளுக்குச் சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினார்.

லண்டனில் கொறற்றியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்றதும் நோரா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நோராவுக்கு வயது தொண்ணூற்று நான்கு. அந்த ஜன்னலை ஒரு படம் எடுத்து வரவேண்டுமாம்.

குண்டு விழுந்தது தன் ஊரில்; இங்கிலாந்தில் வீடு எங்கே போய்விடும்? கொறற்றி விசாரிக்கவே இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள், வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கப் பயற்றம் பணியாரமும் கட்டிக்கொண்டு, அண்ணன் மகன் எலியாஸின் காரில் மூன்று மணிநேரம் போனார். அங்கே புல்தரை. வீட்டை எண்பத்து நான்காம் ஆண்டிலேயே இடித்துவிட்டார்களாம்.

“மாமி, வேறை ஒரு பழைய வீட்டு ஜன்னலை எடுங்கோ. அவவுக்கு என்ன தெரியப்போகுது?”

கொறற்றிக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. “உன்ரை கொப்பரும் இப்பிடித்தான். ஊரிலை எங்கடை வீடு நிக்குது, நிக்குது எண்டு ஒன்பது வருசம் சொன்னவர். நான் போய்ப் பாக்கேக்கை கிணறு மட்டும்தான் கிடந்தது.”

அண்ணனை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. புல்தரையையும் அதற்கு அப்பால் தெரிந்த வயலையும் படமெடுத்தார். பணியாரத்தை இருவரும் காருக்குள் இருந்து தின்று தீர்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை, நோராவின் கட்டிலோரம் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னார். நோரா கைபேசியை வாங்கிக் கண்ணருகே பிடித்தார்.

“அம்மா ஜன்னலைப் பற்றியா சொன்னார்? ஜன்னலில் தெரிந்த வயலைப் பற்றித்தான் சொன்னார். இதுதான் அது.”

படத்தைப் பெரிதாக்கிக் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டு, கொறற்றி அன்று மாலை அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, அந்தக் கிணத்தடியிலை நிண்டு பாத்தால் என்ன தெரியும்? உண்மையைச் சொல்லும்.”